குளிர்காலப் பூண்டுப் பாத்தியில் குறுகிய காலப் பயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையுதிர்காலத்தில் ஊன்றப்பட்டு, குளிர்காலம் முழுவதும் மண்ணிலேயே இருந்து, அடுத்த கோடையில் அறுவடைக்கு வரும் பூண்டின் வரிசைகளுக்கு நடுவே கீரை, முள்ளங்கி போன்ற விரைந்து விளையும் பயிர்களை ஊடுபயிராக வளர்ப்பது குறித்து வீட்டுத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. மாதங்கள் வட அரைக்கோளத்தின் உறைபனி விழும் பகுதிகளுக்கு உரியவை. தென் அரைக்கோளத்தில் இருப்போர் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பூண்டு ஊன்றிய பாத்தியில் இன்னொரு பயிருக்கு இடம் எங்கே இருக்கிறது?

பூண்டு ஒரு பாத்தியை எட்டு அல்லது ஒன்பது மாதங்கள் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காலத்தின் முதல் பாதியில் அது செய்யும் வேலை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் நடக்கிறது. அக்டோபரில் ஊன்றிய பல் முதலில் வேர் விடும். இடத்தின் குளிரைப் பொறுத்து ஓரிரு இலைகள் தலைகாட்டும் அல்லது தலைகாட்டாமலே இருக்கும். பிறகு பல வாரக் குளிரை அது வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் போதிய அளவு கிடைக்காவிட்டால், பற்களாகப் பிரியாத ஒற்றை உருண்டையாகவே அது முடிந்துவிடக்கூடும். வசந்தத்தில் இலைகள் வேகமாக நீண்டாலும், அவை ஒடுக்கமாகவும் நேராகவும் நிற்பதால் வரிசைகளுக்கு நடுவே உள்ள மண்ணை மூடுவதில்லை. வெயில் தரைவரை விழுகிறது. அந்த வெயிலையும் அந்த வெற்று மண்ணையும் நாம் பயன்படுத்தாவிட்டால் களைகள் பயன்படுத்திக்கொள்ளும்.

அப்படியென்றால், ஊடுபயிர் பூண்டின் விளைச்சலைக் குறைக்காதா?

குறைக்கும், அதை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காய்கறிப் பயிர்களிலேயே போட்டிக்கு மிகவும் தளர்ந்தவற்றுள் ஒன்று பூண்டு. அதன் வேர்கள் தடித்தவை, கிளைகள் குறைந்தவை; பெரும்பகுதி மேல்மண்ணிலேயே நின்றுவிடுகின்றன. நீரையும் சத்தையும் தேடி ஆழத்துக்கும் அகலத்துக்கும் அவற்றால் ஓட முடியாது. இலைகளோ பக்கத்துச் செடியை நிழலால் அடக்கும் அமைப்புடையவை அல்ல. அதனால்தான் களை மண்டிய பூண்டுப் பாத்தியில் விளைச்சல் அவ்வளவு மோசமாக விழுகிறது. ஊடுபயிரும், பூண்டின் கண்ணோட்டத்தில், நாம் விரும்பி வளர்க்கும் ஒரு களைதான்.

ஆனால் எல்லாக் காலத்திலும் இந்தப் போட்டி ஒரே அளவில் இருப்பதில்லை. குளிர்காலத்தில் பூண்டின் தேவை மிகக் குறைவு. வசந்தத்தின் தொடக்கத்தில் இலை வளரும்போது தேவை ஏறுகிறது. பகல் நீண்டு, மண் சூடேறி, அடிப்பகுதி பருக்கத் தொடங்கும் கட்டத்தில் அது உச்சத்துக்குப் போகிறது. பருக்கத் தொடங்கிய பிறகு புதிய இலைகள் அதிகம் வருவதில்லை. அதுவரை சேர்ந்த இலைகளே பூண்டைப் பெருக்க வைக்கின்றன. எனவே இலை சேரும் காலத்தில் நெருக்கடி கொடுத்தால் பூண்டு சிறுக்கும். பருக்கும் காலத்தில் நீரைப் பறித்தாலும் சிறுக்கும். ஊடுபயிர் இரண்டாவது கட்டத்துக்கு முன்பே பாத்தியை விட்டுப் போய்விட வேண்டும். முதல் கட்டத்தில் போதிய தூரத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பூண்டுக்குத் தெரியாமலே ஒரு பருவத்துக் கீரையை எடுத்துவிடலாம்.

ஊடுபயிரை எடுத்துவிட வேண்டிய நேரத்தை எப்படி அறிவது?

நாட்காட்டியின்படி பார்த்தால், பூண்டு அறுவடைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன். ஜூலை தொடக்கத்தில் அறுவடை என்றால், மே மாதத்தின் நடுப்பகுதி வரை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வசந்தம் ஒரே நாளில் வருவதில்லை என்பதால், செடியைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

மே தொடங்கியதும் வாரம் ஒருமுறை ஒரு பூண்டுச் செடியின் அடியில் மண்ணை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். தண்டின் கழுத்தும் அடிப்பகுதியும் ஏறத்தாழ ஒரே பருமனில் வெங்காயத்தாள் போல இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அடிப்பகுதியின் அகலம் கழுத்தைப் போல இரு மடங்கை எட்டினால் பருத்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐயம் இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி, அடிப்பகுதியைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். இலையுறைகள் வளையம் வளையமாக மட்டும் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். வளையங்களுக்கு இடையில் அரிசி அளவில் வெண்மையான சிறு புடைப்புகள் தெரிந்தால் பற்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. அன்றைக்கே ஊடுபயிரில் மிச்சம் இருப்பதை அறுத்துவிடுங்கள், அது இன்னும் முழு அளவை எட்டாமல் இருந்தாலும். வெட்டிய செடி வீணாவதில்லை; பச்சைப் பூண்டாகச் சமையலுக்கு ஆகும்.

இலையுதிர்காலத்தில் எவற்றை விதைக்கலாம்?

குளிர் தாங்கும் கீரைகள் மட்டுமே. ஸ்பினாச், கார்ன் சாலட், மைனர்ஸ் லெட்டூஸ் ஆகிய மூன்றும் நம்பகமானவை. ஸ்பினாச் என்று இங்கே குறிப்பிடுவது குளிரில் வளரும் குட்டைச் செடியை. கொடிப்பசலை முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: இந்தக் கீரைகளைப் பூண்டு ஊன்றும் நாளில் விதைத்தால் காலம் கடந்துவிடும். பகல்பொழுது ஏறத்தாழ 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் கீரைகளின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அதற்கு முன்பே அவை ஓரளவு உருப்பெற்றிருந்தால்தான் குளிர்காலத்தில் பறிப்பதற்கு ஏதேனும் இருக்கும். ஆகவே ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் பாதியிலோ பாத்தியில் கீரை வரிசைகளை முதலில் விதைத்துவிட்டு, பூண்டுக்கான வரிசைகளைக் காலியாக விட்டு, அக்டோபரில் பற்களை ஊன்றுவது முறை. மண் உறைவதற்கு மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு முன் ஊன்றினால் பூண்டு வேர் பிடிக்கப் போதிய காலம் கிடைக்கும்.

தாமதமாகிவிட்டாலும் ஸ்பினாச் முழுவதும் வீணாவதில்லை. நான்கு இலைப் பருவத்தில் குளிரைக் கடந்த செடி, பிப்ரவரி, மார்ச்சில் பகல் நீளும்போது மற்ற எதற்கும் முன்னதாக எழுந்து இலை தரும். ஏப்ரல் கடைசியில் அது பூக்கத் தண்டு விடுவதற்குள் அறுத்துவிட்டால் பூண்டுக்கு இடையூறு இல்லை. குளிர்காலப் பூண்டோடு இதைவிடப் பொருந்தும் பயிர் இல்லை என்பது என் கருத்து: இரண்டின் ஓய்வுக் காலமும் ஒன்றாக இருக்கிறது, விழிக்கும் காலத்தில் கீரை முந்திக்கொள்கிறது, பூண்டு பருக்கத் தொடங்கும்போது கீரையின் வாழ்நாளே முடிந்துவிடுகிறது.

வசந்தத்தில் விதைக்க ஏற்றவை எவை?

சிறு உருண்டை முள்ளங்கி, லெட்டூஸ், ராக்கெட் கீரை, பாக் சோய், கொத்தமல்லி. மண்ணை வேலை செய்ய முடிந்த முதல் நாட்களிலேயே இவற்றைத் தொடங்க வேண்டும், ஏனெனில் முடிவு நாள் நம் கையில் இல்லை. மிதமான வெப்பத்தில் முள்ளங்கி 25 முதல் 30 நாட்களில் வந்துவிடும் என்று விதைப் பொட்டலங்கள் சொல்லும். மார்ச் மாதக் குளிர்ந்த மண்ணில் அதற்கு 40 நாட்கள்கூட ஆகலாம். கணக்குப் போடும்போது பொட்டலத்தில் உள்ள நாட்களோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

லெட்டூஸை விதையாகப் போடுவதைவிட, மூன்று நான்கு வார நாற்றாகக் குழித்தட்டில் வளர்த்து நடுவதையே பரிந்துரைப்பேன். பாத்தியில் அது இருக்கும் காலம் ஒரு மாதம் குறைகிறது. பூண்டு வரிசையை ஒட்டி மண்ணைக் கிளறி விதைப்படுகை செய்ய வேண்டிய தேவையும் இல்லை. மே மாதத்தில் வெயில் ஏறும்போது பூண்டு இலைகளின் மெல்லிய நிழல் லெட்டூஸ் தண்டு விடுவதைச் சற்றுத் தள்ளிப்போடும்.

வரிசைகளை எப்படி அமைப்பது?

பூண்டை 30 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள சம வரிசைகளில் ஊன்றி, ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு வரிசை முள்ளங்கி போடலாம். இது எளிது, ஆனால் இரு பக்கமும் 15 சென்டிமீட்டரே மிஞ்சுவதால் முள்ளங்கி, கார்ன் சாலட் போன்ற சிறு செடிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

கீரையும் லெட்டூஸும் வளர்க்க விரும்பினால் இரட்டை வரிசை முறை மேலானது. 120 சென்டிமீட்டர் அகலப் பாத்தி என்று கொள்வோம். ஒரு விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டரில் முதல் பூண்டு வரிசை, அதிலிருந்து 20 சென்டிமீட்டரில் இரண்டாவது. மறு விளிம்பிலும் அவ்வாறே. நடுவில் 50 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை காலியாக இருக்கும். அதில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லெட்டூஸ் வரிசைகள் நட்டால், ஒவ்வொன்றும் பக்கத்துப் பூண்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பூண்டு வரிசைகளின் எண்ணிக்கை சம வரிசை முறையில் உள்ள அதே நான்குதான். வரிசைக்குள் பற்களுக்கு இடையே 12 முதல் 15 சென்டிமீட்டர் விட வேண்டும். நடுப் பட்டையில் களைக்கொத்து தாராளமாக ஓடும் என்பதும், நீரையும் உரத்தையும் தேவைப்படும் பக்கத்துக்கு மட்டும் கொடுக்க முடியும் என்பதும் கூடுதல் வசதிகள்.

மூடாக்கு போட்ட பாத்தியில் எப்படி விதைப்பது?

கடுங்குளிர் உள்ள இடங்களில் வைக்கோலோ உலர்ந்த இலைகளோ 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புவது வழக்கம். பூண்டு முளை அதைத் துளைத்துக்கொண்டு வரும். முள்ளங்கி விதை வராது. வசந்தத் தொடக்கத்தில் நடுப் பட்டையில் உள்ள மூடாக்கை மட்டும் பூண்டின் பக்கமாக ஒதுக்கிவிட்டு, வெளிப்பட்ட மண் ஒரு வாரம் வெயிலில் சூடேறிய பிறகு விதையுங்கள். ஊடுபயிரை அறுத்த அன்றே மூடாக்கை மீண்டும் பரப்பிவிடலாம். இலையுதிர்காலக் கீரை இருக்கும் பட்டையில் மூடாக்கு வேண்டியதில்லை.

உரத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

ஊன்றுவதற்கு முன் நன்கு மக்கிய தொழுவுரத்தையோ மக்கு உரத்தையோ பாத்தி முழுவதும் கலந்துவிட்டால், முள்ளங்கிக்கும் சிறு கீரைகளுக்கும் அதுவே போதும். வசந்தத்தில் பூண்டு இலைகள் நீளத் தொடங்கியதும் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்க வேண்டும். அதைப் பூண்டு வரிசைகளை ஒட்டியே இடுங்கள். இரட்டை வரிசை முறையில், 20 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் இடுவது மிகச் சரியான இடம்.

அடிப்பகுதி பருக்கத் தொடங்கிய பிறகு தழைச்சத்து கொடுக்கவே கூடாது. அது முதிர்ச்சியைத் தள்ளிப்போடும், சேமிப்புத் தன்மையைக் கெடுக்கும், சில வகைகளில் பற்கள் பாத்தியிலேயே முளைவிட்டுப் பக்கத் தளிர்கள் கிளம்பக் காரணமாகும். தாமதமான ஊடுபயிருக்காகக் கொடுக்கும் உரம் பூண்டையும் போய்ச் சேரும் என்பதால், மே மாதத்தில் கீரைக்கு உரம் கேட்கும் நிலை வந்தால் உரத்தைக் கொடுக்காமல் கீரையை எடுங்கள்.

நீர் பாய்ச்சுவதில் முரண்பாடு வராதா?

வசந்தத்தில் வராது. மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர் இரண்டுக்கும் பொருந்தும். முரண்பாடு கடைசியில்தான் வருகிறது: அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பூண்டுக்கு நீரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மேல்தோல் அழுகிப் பற்கள் வெளித்தெரியும். பாத்தி முழுவதும் நீர் பாய்ச்ச வேண்டிய எந்தச் செடியும் அப்போது பாத்தியில் இருக்கக் கூடாது.

பட்டாணி, அவரை வளர்த்தால் பூண்டுக்குத் தழைச்சத்து கிடைக்கும் என்கிறார்களே?

பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் சேரும் தழைச்சத்தைச் செடி தனக்கே பயன்படுத்திக்கொள்கிறது. அது மண்ணுக்குப் பெரும்பாலும் வருவது அச்செடி மடிந்து மக்கும்போதுதான். பக்கத்தில் நிற்கும் பூண்டுக்கு அந்தப் பருவத்தில் அதனால் சொல்லத்தக்க பயன் இல்லை. மாறாக, பட்டாணிக் கொடி நிழல் தரும், மே, ஜூன் மாதங்களில்தான் காய்க்கும், அதாவது பூண்டு பருக்கும் அதே நேரத்தில் நீர் கேட்கும். பூண்டின் வேர்க்கசிவு பட்டாணியைக் கெடுக்கும் என்றும் சிலர் சொல்வதுண்டு. அது உண்மையோ இல்லையோ, காலமும் நிழலும் மட்டுமே இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கப் போதிய காரணங்கள். வெந்தயக்கீரை ஒரு விலக்கு. அதுவும் பயறு குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும், நான்கு வாரத்தில் இளங்கீரையாக அறுத்துவிடுவதால் தொல்லை இல்லை. மண் சற்றுச் சூடேறிய ஏப்ரல் மாதத்தில் விதைக்கலாம்.

இடைவெளியில் வெங்காயத்தாள் போடலாமா?

வேண்டாம். பூண்டு, வெங்காயம், லீக், சின்ன வெங்காயம் எல்லாம் ஒரே குடும்பம்; துரு நோய், வெங்காய ஈ, வெண்ணழுகல் ஆகியவை அவற்றுக்குப் பொதுவானவை. வெண்ணழுகல் பூஞ்சையின் கசகசா அளவிலான கரிய உறக்க உருண்டைகள் மண்ணில் 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடு இருக்கக்கூடியவை. இந்தக் குடும்பத்துச் செடியின் வேர் பக்கத்தில் வந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. ஒரு பாத்தியில் பூண்டுக்கும் அடுத்த பூண்டுக்கும் இடையே மூன்று, நான்கு ஆண்டுகள் விட வேண்டும் என்ற விதியை ஊடுபயிரின் பெயரால் உடைக்கக் கூடாது.

இளந்தாள்தான் வேண்டும் என்றால் பூண்டையே ஊடுபயிராக்கலாம். நட்டு வைக்கப் போதாத சிறு பற்களை, நல்ல பற்களுக்கு இடையில் கூடுதலாக ஊன்றுங்கள். ஏப்ரலில் விரல் பருமன் வந்ததும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கினால், பச்சைப் பூண்டும் கிடைக்கும், நிற்பவற்றுக்கு இடமும் கிடைக்கும்.

பூண்டின் வாசனை கீரையைத் தாக்கும் பூச்சிகளை விரட்டுமா?

அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். வளரும் பூண்டு பக்கத்துச் செடியைக் காக்கும் என்பதற்குக் கிடைக்கும் சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. முள்ளங்கியையும் ராக்கெட்டையும் துளைக்கும் தெள்ளு வண்டுகள் பூண்டு வரிசைக்கு நடுவிலும் வரும். மெல்லிய வலைத்துணிதான் அவற்றைத் தடுக்கும்.

ஊடுபயிரால் நோய் அதிகரிக்குமா?

நெருக்கம் அதிகரித்தால் அதிகரிக்கும். அடர்ந்த கீரை, பாத்தியின் அடியில் ஈரத்தைத் தேக்கி, இலைகள் காலையில் உலர்வதைத் தாமதமாக்கும். பூண்டின் துரு நோய்க்கு அது வசதி. ஆரஞ்சுப் புள்ளிகள் பூண்டு இலையில் தெரிந்தால், முதல் வேலையாக ஊடுபயிரை அறுத்துக் காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். லெட்டூஸின் கீழிலைகள் தரையில் படுத்தால் நத்தைகள் அங்கே பகலைக் கழிக்கும். வெளியிலைகளை வாரந்தோறும் பறித்துவந்தால் அந்த மறைவிடம் உருவாகாது.

அறுவடையின்போது பூண்டின் வேர் அசையாதா?

ஸ்பினாச், லெட்டூஸ் போன்றவற்றைப் பிடுங்காமல், கத்தியை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே செலுத்தி அறுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். முள்ளங்கியை மண் ஈரமாக இருக்கும்போது, சிறிதாக இருக்கும்போதே, ஒரு கையால் பக்கத்து மண்ணை அழுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். நீண்ட முள்ளங்கி, கேரட் போன்ற ஆழ வேர்ப் பயிர்களை இதனால்தான் பரிந்துரைப்பதில்லை.

பூண்டு எடுப்பதற்கு முன்பே அடுத்த பயிரை அதே பாத்தியில் தொடங்க முடியுமா?

முடியும். பூண்டு எடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, காலியாகிவிட்ட நடுப் பட்டையில் கேல் அல்லது முட்டைகோஸ் நாற்றுகளை ஒற்றை வரிசையாக நடலாம். பூண்டுக்கு நீர் நிறுத்தப்பட்டிருக்கும் காலம் என்பதால், ஒவ்வொரு நாற்றின் அடியிலும் மட்டும் பூவாளியின் மூக்கால் நீர் விட வேண்டும். பூண்டைத் தோண்டி எடுக்கும்போது தோட்ட முள்கரண்டியைப் பூண்டு வரிசையின் வெளிப்பக்கத்திலிருந்து செருகினால் நாற்றின் வேர் தப்பும். முட்டைகோஸ் குடும்பம் பின்னால் வருவதாக இருந்தால், வசந்தத்தில் முள்ளங்கியும் பாக் சோயும் தவிர்த்து லெட்டூஸோ ஸ்பினாச்சோ வளர்ப்பது நல்லது. முட்டைகோஸ், முள்ளங்கி, பாக் சோய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் நோய்கள் தொடரும்.

பூண்டு எடுத்த பிறகு?

கீழே மூன்று நான்கு இலைகள் காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக இருக்கும்போது பூண்டை எடுத்துவிட்டால், ஜூலையில் பாத்தி முழுவதும் கைக்கு வந்துவிடும். முதல் உறைபனி வழக்கமாக விழும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 70 நாட்களுக்கு மேல் இருந்தால் குட்டைப் பீன்ஸ் அல்லது பீட்ரூட். ஆகஸ்ட் வந்துவிட்டால் இலையுதிர்கால லெட்டூஸ், டர்னிப். எதையும் உண்பதற்காக வளர்க்க விருப்பமில்லை என்றால் பக்வீட் என்ற பசுந்தாள் பயிரை விதையுங்கள். ஐந்து வாரத்துக்குள் பூத்துவிடும். பூக்கத் தொடங்கியதும், விதை பிடிப்பதற்கு முன், அறுத்து மண்ணின் மேலேயே பரப்பிவிடலாம்.